எச்சத்தை என்ன செய்வது? இழப்பில்லா ஒலிச் சுருக்கத்தின் வரலாறு

களப்பணிப் பதிவுகளை எந்த வடிவில் சேமித்து வைப்பது என்ற கேள்வி மொழியியல் மாணவரிடையே ஆண்டுதோறும் எழுகிறது. 'வேவ்' கோப்பாகவே இருக்கட்டும் என்பார் ஒருவர். வட்டில் இடமில்லை, எம்பி3 ஆக்கிவிடு என்பார் இன்னொருவர். இரண்டும் வேண்டாம், ஃபிளாக் போதும் என்பார் மூன்றாமவர். பேச்சு அதோடு முடிந்துவிடும். இந்த மூன்று விடைகளுக்கும் பின்னால் ஏறத்தாழ எழுபது ஆண்டுக்கால அறிவு வரலாறு ஒன்று இருக்கிறது. அது பொறியாளர்களுக்கு மட்டும் உரியதன்று. இழப்பில்லா ஒலிச் சுருக்கத்தின் மையக் கருத்துகளுள் ஒன்று பேச்சொலி ஆய்விலிருந்து வந்தது. அதன் முதல் பெரும் பயனாளர்களும் பேச்சுத் தரவு சேர்த்தவர்களே. நம் துறைக்குள் நிகழ்ந்த ஒன்றை நாம் வெளியிலிருந்து வந்த கருவியாகக் கருதிக்கொண்டிருக்கிறோம் என்பதே இதை எழுதக் காரணம். இப்பதிவு நீளமானது, பொறுமையுள்ளோர் தொடர்க.

முதலில் அளவுகள். 1982-இல் சந்தைக்கு வந்த குறுந்தகடு, ஒலியலையை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதுகிறது. இடம், வலம் என இரு தடங்கள். ஒரு நிமிடப் பதிவு 1 கோடியே 5 லட்சத்து 84 ஆயிரம் பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் 635 மெகாபைட்டைத் தொடும். இந்த எண்தொடரைச் சிறிதாக்க இரு வழிகள் உண்டு. மனிதச் செவி உணராது என்று கருதப்படும் பகுதிகளைக் கழித்துவிடுவது ஒன்று. எம்பி3 இவ்வழியில் செல்வது. எண்களுள் ஒன்றையும் இழக்காமல், அவற்றை எழுதும் முறையை மட்டும் மாற்றுவது மற்றொன்று. இதில் சுருக்கியதை விரித்தால் பழைய எண்தொடர் பிட் பிசகாமல் திரும்பக் கிடைக்கும். இழப்பில்லாச் சுருக்கம் என்பது இதுவே.

கணித அளவில் இது எளிதில் கைகூடுவதன்று. எல்லாக் கோப்புகளையும் சிறிதாக்கும் முறை ஒன்று இருக்கவே இயலாது. நூறு பிட் நீளமுள்ள கோப்புகளின் எண்ணிக்கை, அதனினும் குறுகிய கோப்புகள் அனைத்தின் எண்ணிக்கையைவிடக் கூடுதல்; ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறுவடிவம் தர இடம் போதாது. சுருங்கக்கூடியவை ஒழுங்குடையவை மட்டுமே. 1948-இல் கிளாட் ஷானன் இவ்வொழுங்குக்கு ஓர் அளவுகோல் தந்தார். 1952-இல் டேவிட் ஹஃப்மன், அடிக்கடி வருவதற்குக் குறுங்குறியும் அரிதாக வருவதற்கு நெடுங்குறியும் தரும் உகந்த முறையைக் கண்டார். எழுத்துவடிவ உரைக்கு இது நன்கு பொருந்தியது. ஆனால் ஒலியிடம் உரைக்கு உள்ள ஒழுங்கு இல்லை. உரையில் 'என்று' என்ற சொல் நூறு முறை வந்தால் நூறு முறையும் அதே எழுத்துகள்தாம். ஒருவர் அதே சொல்லை இருமுறை உச்சரித்தால் இரு எண்தொடர்களும் ஒருபோதும் ஒன்றாயிரா. ஆவணங்களைச் சுருக்கும் ஜிப் போன்ற பொதுக் கருவிகள் ஒலிக்கோப்பின் முன் தோற்பதற்குக் காரணம் இதுவே: அவை தேடுவது மீண்டும் வரும் துணுக்குகளை, ஒலியில் அத்தகைய துணுக்குகள் இல்லை.

ஒலியின் ஒழுங்கு வேறு வகையானது: அதில் ஓர் எண் அடுத்த எண்ணை ஓரளவு முன்னறிவிக்கிறது. அலை திடீரெனத் தாவாது. போன போக்கிலேயே இன்னும் சற்றுப் போகும். அடுத்தடுத்த அளவுகள் 1000, 1040, 1075, 1104 என்று இருப்பதாகக் கொள்வோம். முதல் இரண்டையும் நேர்க்கோடாக நீட்டினால் மூன்றாவது 1080 ஆகும் என்று ஊகிக்கலாம், உண்மை 1075, பிழை -5. அடுத்ததை 1110 என்று ஊகிப்போம், உண்மை 1104, பிழை -6. ஊகிக்கும் விதி அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் ஒன்றாக இருந்தால், 1075, 1104 என்ற பெரிய எண்களை எழுத வேண்டியதில்லை. -5, -6 என்பன போதும். பெறுபவர் தாமும் அதே ஊகத்தைச் செய்து, பிழையைக் கூட்டி, மூல எண்ணை மீட்பார். இழப்பு ஏதும் இல்லை. எழுத வேண்டியது மட்டும் குறைந்துவிட்டது. இந்தப் பிழையைத் தகவல் துறையினர் எச்சம் என்ற பொருளில் 'ரெசிடுவல்' என்பர்.

தமிழில் அச்சொல்லை 'எச்சம்' என்று ஆள்வதில் எனக்கு ஒரு கூடுதல் நிறைவு. பெயரெச்சமும் வினையெச்சமும் எஞ்சி நின்று இன்னொரு சொல்லால் முடிவதை வேண்டுபவை. இங்கும் எச்சம் தனியே நின்றால் பொருளற்ற சிற்றெண்களின் வரிசை. ஊகத்தோடு கூடினால்தான் குரல் முழுமையாகிறது. தொல்காப்பியர் இதை நினைத்திருக்க மாட்டார் என்பதை நண்பர்கள் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை.

முந்தைய அளவிலிருந்து பிந்தையதைக் கணித்து வேறுபாட்டை மட்டும் அனுப்பும் கருத்துக்கு பெல் ஆய்வகத்தின் சேப்பின் கட்லர் 1952-இல் காப்புரிமை பெற்றார். 1955-இல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த பீட்டர் இலையஸ் அதற்குத் தகவல் கோட்பாட்டு அடித்தளம் தந்தார். ஆயினும் எத்தனை பழைய அளவுகளைக் கணக்கில் கொள்வது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை தருவது என்ற வினாவுக்கு, பேச்சைப் பொறுத்தவரை, சிறந்த விடை பேச்சு உண்டாகும் விதத்தை ஆராய்ந்தவர்களிடமிருந்தே வந்தது.

1960-இல் சுவீடனின் குன்னார் ஃபாண்ட் தம் நூலில் பேச்சொலியை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: குரல்வளை தரும் மூல ஒலி ஒன்று, தொண்டை, வாய், மூக்கு ஆகியவற்றால் ஆன குரல்பாதை அதை வடித்தெடுப்பது மற்றொன்று. நா, இதழ், தாடை ஆகியவை மெல்லவே அசைகின்றன. அலை நொடிக்குப் பல்லாயிரம் முறை மாறினாலும், அதை வடிக்கும் பாதையின் வடிவம் இருபது முப்பது மில்லிநொடிக்குப் பெரிதும் மாறாதிருக்கிறது. ஆகவே அச்சிறு கால அளவுக்குப் பொருந்தும் பத்துப் பன்னிரண்டு எடைகளைக் கண்டுபிடித்தால், ஒவ்வோர் அளவையும் முந்தைய பத்துப் பன்னிரண்டு அளவுகளின் கூட்டாகப் பெரும்பாலும் சரியாக ஊகிக்கலாம். 1960களின் நடுவில் இக்கருத்தை இருவேறு இடங்களில் தனித்தனியாக அடைந்தனர்: ஜப்பானின் என்.டி.டி. ஆய்வகத்தில் ஃபுமிதாதா இதாகுராவும் ஷுஸோ சைத்தோவும்; அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிஷ்ணு அடலும் மன்ஃப்ரட் ஷ்ரோடரும். இதற்கு நேரியல் முன்கணிப்பு என்று பெயர்.

பிஷ்ணு அடல் 1933-இல் கான்பூரில் பிறந்தவர். லக்னோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்று, 1955-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்தொடர்பியல் பட்டயம் பெற்று, அங்கேயே சில ஆண்டுகள் விரிவுரையாளராகப் பணியாற்றி, 1961-இல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். நம் பல்கலைக்கழகங்களில் ஒலியியல் கற்பிக்கும்போது அவர் பெயர் எத்தனை வகுப்புகளில் உச்சரிக்கப்படுகிறது என்று கேட்டுப் பார்க்கலாம். 'பிராட்' மென்பொருளைத் திறந்து அலைமாலைப் படத்தின் மீது ஓடும் சிவப்புப் புள்ளிகளை, அதாவது ஃபார்மண்ட் எனப்படும் ஒத்ததிர்வு உச்சங்களை, நாம் அளக்கிறோம் அல்லவா? அம்மென்பொருள் அவற்றைக் கணிப்பது நேரியல் முன்கணிப்பின் வழியேதான். 'ழ'கரத்தில் மூன்றாம் ஃபார்மண்ட் இறங்கி இரண்டாவதை நெருங்குவதைக் காட்டும் கணிதமும், அந்த ஒலிக்கோப்பைப் பாதியாகச் சுருக்கும் கணிதமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வேறுபாடு, முன்னதில் நாம் எடைகளைப் பார்த்துவிட்டு எச்சத்தைப் புறக்கணிக்கிறோம் என்பதே.

இங்கேதான் வரலாறு கிளை பிரிகிறது. ஊகத்தைச் செய்தாகிவிட்டது, எச்சத்தை என்ன செய்வது?

முதற்கிளை அதைத் தூக்கி எறிந்தது. 1971-இல் அடலும் சூசன் ஹனவரும் வெளியிட்ட கட்டுரையில், எச்சத்துக்குப் பதிலாக, ஒலிப்புடை ஒலிகளுக்குச் சீரான துடிப்புவரிசையும் ஒலிப்பிலா ஒலிகளுக்கு இரைச்சலும் தந்து பேச்சை மீளுருவாக்கினர். சொல் புரிந்தது, ஆள் பாதி மறைந்தார். 1978-இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் விற்ற 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' என்ற எழுத்துக்கூட்டும் பொம்மை பேசியது இம்முறையில்தான். நொடிக்கு 2400 பிட்டில் பேச்சை அனுப்பிய அமெரிக்க அரசின் தரமுறையும் இவ்வழியில் வந்ததே. இரண்டாம் கிளை சற்று இரக்கமுடையது. 1985-இல் ஷ்ரோடரும் அடலும், எச்சத்தை அப்படியே அனுப்பாமல், முன்னரே தொகுத்து வைத்த எச்ச மாதிரிகளின் ஏட்டிலிருந்து மிக நெருங்கிய ஒன்றைத் தேர்ந்து அதன் வரிசை எண்ணை மட்டும் அனுப்பலாம் என்றனர். கைபேசியின் பேச்சுக் குறிமுறைகள் பலவும் இதன் வழித்தோன்றல்கள். தொலைபேசியில் நாம் கேட்பது அன்புக்குரியவரின் குரலை ஒத்த ஒரு மறுகட்டுமானம்.

மூன்றாம் கிளை எச்சத்தை ஒரு பிட்டும் விடாமல் வைத்துக்கொண்டது. இழப்பில்லாச் சுருக்கத்தின் வரலாறு இந்தக் கிளையின் வரலாறு. இதில் மாதிரியின் தகுதி வேறு விதமாக அளக்கப்படுகிறது. ஊகம் தவறினால் கோப்புச் சற்றுப் பெரிதாகும், தரவு சிதையாது. முதலிரு கிளைகளில் மாதிரி தவறினால் தரவே தவறிவிடும்.

மொழியியலாளருக்கு இவ்வேறுபாடு ஏன் முதன்மையானது என்பதற்கு மூக்கொலிகள் நல்ல சான்று. வழக்கமான நேரியல் முன்கணிப்பு குரல்பாதையின் ஒத்ததிர்வுகளை மட்டும் கணக்கில் கொள்கிறது. மூக்கறையும் மூடிய வாயறையும் கிளைகளாக இணையும்போது சில அதிர்வெண்கள் உறிஞ்சப்பட்டு எதிர் ஒத்ததிர்வுகள் தோன்றுகின்றன. மருங்கொலிகளிலும் இதுபோல நிகழும். இவற்றை அம்மாதிரி நேரடியாக அறியாது. மலையாளத்தில் இதழ், பல், அண்பல், வளைநா, அண்ணம், கடையண்ணம் என ஆறிடத்து மூக்கொலிகள் வேறுபடுகின்றன. நீலகிரித் தோடர் மொழியில் நான்கு வகைச் சீறொலிகளும் மூவகை ரகரங்களும், அந்த ரகரங்களுக்கு அண்ணச்சாயல் பெற்ற இணைகளும் உண்டு. பெல் ஆய்வகத்தினர் மாதிரியை அமைத்தபோது இத்தகைய ஒலியமைப்புகளை மனத்தில் கொண்டு அதைச் செதுக்கவில்லை. மாதிரியால் விளக்க முடியாதது எங்கே போகும்? எச்சத்துக்கு. எச்சத்தை வைத்திருப்பவரிடம் அது பத்திரமாக இருக்கும்.

எச்சத்தை வைத்துக்கொள்வதென்றால் அதைச் சிக்கனமாக எழுதத் தெரிய வேண்டும். அதற்கான விடை ஒலியோடு தொடர்பற்ற இரு இடங்களிலிருந்து வந்தது. 1966-இல் சாலமன் கோலம் எழுதிய மூன்று பக்கக் கட்டுரை ஒன்று சூதாட்ட விடுதியில் அமர்ந்திருக்கும் '00111' என்ற உளவாளியின் கதையோடு தொடங்குகிறது. தகவல் கோட்பாட்டு இதழ்களில் அத்தகைய தொடக்கம் இன்று அச்சேறுமா என்பது ஐயமே. அரிதாக நேர்வதற்கு இடையிலான ஓட்டங்களின் நீளத்தை எப்படிக் குறிப்பது என்பதே அதன் பொருள். ஐந்தாண்டுகள் கழித்து, 1971-இல், நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் ராபர்ட் ரைஸ், ஜேம்ஸ் பிளான்ட் ஆகியோர் விண்கலங்கள் அனுப்பும் படங்களுக்காகத் தகவமையும் குறிமுறை ஒன்றை வெளியிட்டனர். அதன் உட்கூறாக அமைந்த எளிய வடிவம்தான் பின்னர் 'ரைஸ் குறிமுறை' எனப் பெயர் பெற்றது. மேலே கண்ட -5-ஐ எடுத்துக்கொள்வோம். குறை எண்களை ஒற்றை எண்களாக மடித்தால் அது 9 ஆகும். 9-ஐ 4-ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 1. ஈவை இரண்டு சுழியங்களும் ஒரு முற்றுக் குறியான 1-உம் கொண்டு '001' என்றும், மீதியை இரண்டு பிட்டில் '01' என்றும் எழுதினால் மொத்தம் 5 பிட். மூலத்தில் அதற்கு 16 பிட் தேவைப்பட்டது. பெருக்கல்கூடத் தேவையில்லாத இம்முறை, சிறிய எண்கள் மிகுந்தும் பெரிய எண்கள் அருகியும் வரும் எச்சத்தின் இயல்புக்கு ஏறத்தாழ அளந்து தைத்ததுபோல் அமைந்தது.

இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பரவலான பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த பெருமை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பொறியியல் துறையில் பேச்சறிதல் ஆய்வு செய்துகொண்டிருந்த டோனி ராபின்சனுக்கு உரியது. சூழலை நினைத்துப் பார்க்க வேண்டும். 1990-இல் வெளிவந்த 'டிமிட்' பேச்சுத் தொகுப்பில் அமெரிக்க ஆங்கிலத்தின் 8 வட்டாரங்களைச் சேர்ந்த 630 பேர் ஆளுக்கு 10 வாக்கியங்கள் வாசித்திருந்தனர். 6,300 வாக்கியங்களும் ஒரே குறுந்தகட்டில் அடங்கின. அடுத்து வந்த தொகுப்புகள் பல மடங்கு பெரியவை. தகட்டின் கொள்ளளவோ அப்படியே இருந்தது. ஆய்வுத் தரவாதலால் ஒரு பிட்டும் மாறக் கூடாது. ராபின்சன் எழுதிய 'ஷார்ட்டன்' என்ற நிரல் ஒலியை 256 அளவுகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் பொருத்தமான எளிய ஊகியைத் தேர்ந்து, எச்சத்தை ரைஸ் முறையில் எழுதியது. அமெரிக்கத் தரநிறுவனமான நிஸ்ட் தன் பேச்சுக்கோப்பு வடிவத்தில் இதை ஏற்றது. 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' பேச்சுத் தொகுப்பு இவ்வாறு சுருக்கப்பட்டே ஆய்வகங்களுக்குச் சென்றது. 1994 டிசம்பரில் ராபின்சன் எழுதிய தொழில்நுட்ப அறிக்கை, பிற்காலத்தில் வந்த அனைத்துக்கும் தாய்நூல் எனலாம். மொழித் தரவு சேமிப்பின் தேவைதான் இக்கருவியை ஈன்றது என்பதை நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

அது பேச்சாய்வகத்தைத் தாண்டிய கதை சுவையானது. அமெரிக்காவின் 'கிரேட்ஃபுல் டெட்' இசைக்குழு தன் கச்சேரிகளை இரசிகர்கள் ஒலிப்பதிவு செய்துகொள்ள இசைந்திருந்தது. 1984-இல் அதற்கென அரங்கில் தனிப்பகுதியே ஒதுக்கியது. நாடாக்களைப் பிரதியெடுத்துப் பகிர்ந்துகொண்ட இவ்விரசிகர்கள் ஒரு துன்பத்தை நன்கு அறிந்தவர்கள்: பிரதியின் பிரதியின் பிரதியில் இரைச்சல் ஏறிக்கொண்டே போகும். சுவடிப் படியெடுப்பில் தலைமுறைதோறும் பிழை பெருகுவதைக் கண்ட பதிப்பாசிரியர்களுக்கு இத்துன்பம் விளங்கும். எண்வழிப் படி கிடைத்ததும் அவர்கள் இழப்புடை வடிவங்களை விலக்கினர். 1998-இல் தோன்றிய 'ஈட்ரீ' என்ற இணையக் குழுவினர் ஷார்ட்டனைத் தங்கள் பொது வடிவமாகக் கொண்டு, கோப்போடு எம்டி5 என்ற சரிபார்ப்பு எண்ணையும் அனுப்பினர். இரு படிகளின் எண்கள் ஒத்தால் படிகளும் ஒன்றே. மூலபாடத் திறனாய்வு கனவில் மட்டும் காணக்கூடிய உறுதி இது. 2002-இல் இவர்கள் தொகுப்பு இணைய ஆவணக் காப்பகத்தில் நேரடி இசைக்கான பிரிவாக உருப்பெற்றது.

ஷார்ட்டனுக்குக் குறைகள் இருந்தன. 16 பிட்டுக்கு மேற்பட்ட பதிவை அது கையாளவில்லை. கோப்பின் நடுவே விரும்பிய இடத்துக்குத் தாவ அதில் முதலில் வழியில்லை. வணிகப் பயன்பாட்டுக்கு உரிமத் தடையும் இருந்தது. ஜோஷ் கோல்சன் 2000-இல் எழுதத் தொடங்கி 2001 ஜூலையில் முதல் நிறைபதிப்பாக வெளியிட்ட 'ஃபிளாக்' இக்குறைகளை நீக்கியது. வடிவத்தின் விவரணையும் மூலநிரலும் திறந்தே வைக்கப்பட்டன. 2003-இல் அது ஸிஃப் அறக்கட்டளையின் கீழ் வந்தது. கட்டங்கள் பெரிதாயின; வழக்கமாக 4,096 அளவுகள், அதாவது குறுந்தகட்டு வேகத்தில் ஏறத்தாழ 93 மில்லிநொடி. ஊகிக்க 32 பழைய அளவுகள் வரை கொள்ளலாம். சுருக்குவதற்கு நேரம் செலவிடலாம். விரிப்பது எப்போதும் எளிது. மூல ஒலியின் எம்டி5 எண் கோப்பின் தலைப்பகுதியிலேயே பொதிந்திருக்கிறது.

போட்டியாளர் பலர். டேவிட் பிரையன்டின் 'வேவ்பேக்' 1998-இலேயே வந்தது. 2000-இல் வந்த 'மங்கீஸ் ஆடியோ' இன்னும் இறுக்கமாகச் சுருக்கியது. விரிக்கவும் அதே அளவு உழைப்பைக் கேட்டது. ஆப்பிள் 2004-இல் தனக்கென ஒரு வடிவத்தை வெளியிட்டு, 2011-இல் அதன் நிரலைத் திறந்துவிட்டது. இவற்றுக்கிடையே சுருக்கும் அளவில் உள்ள வேறுபாடு சில விழுக்காடுகளே. அதைப் பற்றி இணையத்தில் நடந்த சண்டைகளின் அளவு அதைவிடப் பன்மடங்கு. எனக்கு இவற்றுள் ஆர்வமூட்டுவது 2000களின் நடுவில் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்ட 'எம்பெக்-4 ஏஎல்எஸ்'. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு அதை உருவாக்கியவர்களுள் இதாகுரா பணியாற்றிய அதே என்.டி.டி. நிறுவனமும் ஒன்று, அது ஊகியின் எடைகளை அனுப்புவது இதாகுரா பேச்சுக்காக வகுத்த 'பார்கோர்' கெழுக்களாகவே. நாற்பதாண்டு கழித்துக் கருவி பிறந்த வீட்டுக்கே திரும்பியது.

எச்சத்தை வைத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு; அதை மறைக்கக் கூடாது. இசையாயினும் பேச்சாயினும் கோப்பு சராசரியாகப் பாதியளவுக்குச் சற்று முன்பின்னாகச் சுருங்கும். அதற்கு மேல் போகாததற்குக் காரணம் பெரும்பாலும் இரைச்சல். இரைச்சல் ஊகத்துக்கு அடங்காது, அடங்காததெல்லாம் எச்சம், எச்சத்தின் வீச்சு இருமடங்கானால் ஒவ்வோர் அளவுக்கும் ஏறத்தாழ ஒரு பிட் கூடும். ஆகவே கோப்பின் பெரும்பகுதி நாம் கேட்க விரும்பாததற்கே செலவாகிறது. கிரியர்சனின் இந்திய மொழிகள் அளவாய்வை ஒட்டி 1913 முதல் 1929 வரை இந்நாட்டு மொழிகளில் எடுக்கப்பட்ட கிராமஃபோன் தட்டுகளைக் கேட்டவர்கள் அறிவர்: ஊதாரி மைந்தன் கதையை எவரோ ஒருவர் தம் மொழியில் சொல்லிக்கொண்டிருக்க, ஊசியின் கரகரப்பு இடைவிடாது உடன் ஓடும். அத்தகைய பதிவை இழப்பின்றிச் சுருக்கினால், குரலைவிடக் கரகரப்புக்கே கூடுதல் பிட்டுகள் போகும். இரைச்சலை நீக்கிவிட்டுச் சேமிக்கலாமே என்று தோன்றும். ஆனால் எது இரைச்சல், எது மூச்சொலி, எது வல்லெழுத்தின் வெடிப்பு என்று முடிவு செய்யும் கணத்தில் நாம் மீண்டும் முதற்கிளைக்குப் போய்விடுகிறோம். நீக்கிய படி கேட்பதற்கு இருக்கட்டும்; காப்பகத்தில் இருக்க வேண்டியது கரகரப்போடு கூடியதே.

காப்பகவியலாளர்கள் ஃபிளாக்கையும் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாசாவின் வழிகாட்டி, குறைந்தது நொடிக்கு 48,000 அளவுகள், 24 பிட் என்றும், சுருக்கப்படாத நேர்வடிவம் என்றும் வலியுறுத்துகிறது. காரணம் நியாயமானதே. சுருக்காத கோப்பில் ஒரு பிட் பழுதானால் ஒரு சிறு சொடுக்கொலி கேட்கும், அவ்வளவுதான். சுருக்கிய கோப்பில் அந்தப் பழுது ஒரு கட்டம் முழுவதையும் கெடுக்கும். மேலும், சுருக்கியதைப் படிக்க ஒரு நிரல் இன்றியமையாதது. அந்நிரல் மறைந்தால் கோப்பு ஊமையாகும். ஆனால் மறுபக்கமும் உண்டு. வேவ் கோப்பில் ஏற்பட்ட பழுதை யாரும் அறிவதே இல்லை. ஃபிளாக்கில் ஒவ்வொரு கட்டமும் பிழை காட்டும் எண்ணோடு வருவதால் பழுது தன்னைத்தானே அறிவிக்கும். 48,000 அளவு, 24 பிட், இரு தடம் என்று நூறு மணி நேரம் பதிந்தால் 103 கிகாபைட்டுக்கு மேல் ஆகும். பெருங்காப்பகங்களுக்கு அது பொருட்டன்று. இரண்டு வன்வட்டுகளைத் தம் உதவித்தொகையில் வாங்கும் ஆய்வாளருக்கு, அதே இடத்தில் ஒன்றுக்கு இரண்டு படிகள் வைக்க முடியும் என்பது பெரிய வேறுபாடு. சுருக்காத ஒரு படியைவிட, சுருக்கி வெவ்வேறு இடங்களில் வைத்த இரு படிகள் பாதுகாப்பானவை என்பதே என் கருத்து.

எம்பி3-ஐ ஏன் விலக்க வேண்டும் என்பதையும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். உயர்ந்த பிட்வீதத்தில் உயிரொலிகளின் முதல் இரு ஃபார்மண்டுகள் பெரிதாக மாறுவதில்லை; பலருடைய ஆய்வேடுகள் அதனால் தப்பின. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அம்முறை ஒலியைக் கட்டங்களாக எடுத்து, உரத்த ஒலி மறைக்கும் மெல்லொலியைக் கழிக்கிறது. கழித்ததன் பிழை கட்டம் முழுவதும் பரவுகிறது. ஆகவே வல்லெழுத்தின் வெடிப்புக்கு முன்னுள்ள அமைதியில் ஒரு நிழல் தோன்றக்கூடும். வெடிப்புக்கும் குரல்நாள அதிர்வுக்கும் இடைப்பட்ட மில்லிநொடிகளை அளப்பவருக்கு அந்நிழல் பகை. இன்று நாம் எதை அளப்போம் என்று தெரியும். முப்பதாண்டு கழித்து இன்னொருவர் எதை அளக்க விரும்புவார் என்று தெரியாது. 2010 ஜனவரியில் போவா சீனியர் மறைந்தபோது அந்தமானின் அகா-போ மொழியைப் பேசும் கடைசி மனிதர் மறைந்தார். அன்விதா அப்பியும் அவர் குழுவினரும் அவரைப் பதிவு செய்திருந்தனர். அம்மொழியைப் பற்றி இனி எழும் எந்த ஒலியியல் ஐயத்துக்கும் பதிவுகளை அன்றி வேறெவரையும் கேட்க இயலாது. 10,000 பேருக்கும் குறைவானோர் பேசும் மொழிகளைப் பதிவு செய்ய மைசூரு இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் நடத்தும் திட்டத்தில் உள்ள மொழிகள் பலவற்றுக்கும் இந்நிலை தொலைவில் இல்லை.

மாணவர்களிடம் பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். எம்பி3 கோப்பை ஃபிளாக்காக மாற்றினால் தரம் உயராது. கோப்பு மட்டும் பெருக்கும். நிகழ்ந்த இழப்பை இழப்பின்றிச் சேமித்ததாகும். அதுபோலவே 'இழப்பில்லா' என்ற அடைமொழி எண்தொடரைக் குறிப்பது, குரலைக் குறிப்பதன்று. ஒலிவாங்கி கேட்காததையும், கைபேசிச் செயலி தானாகவே இரைச்சல் என்று அடக்கியதையும், குறைந்த அளவீட்டு வேகத்தில் நழுவியதையும் எந்தக் கருவியும் மீட்டுத் தராது. பேசியவர் யார், எந்த ஊர், எந்த நாள் என்ற குறிப்பு இல்லாத பதிவும் அத்தகையதே. ஃபிளாக் கோப்பினுள்ளேயே இக்குறிப்புகளை எழுத இடமுண்டு. அதைத் தமிழிலும் எழுதலாம்.

படிக்கும் நிரல் மறைந்துவிடுமே என்ற காப்பகவியலாளரின் அச்சத்துக்கு 2024 டிசம்பரில் ஒரு விடை வந்தது. இணையத் தரங்களை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பில், ஆவணக் காப்புக்கான இழப்பில்லா வடிவங்களுக்கென்றே 2015-இல் அமைந்த குழு, ஃபிளாக்கின் முழு விவரணையை 9639 என்ற எண்ணிட்ட ஆவணமாக வெளியிட்டது. ஊகிகள், ரைஸ் குறிமுறை, பிழை காட்டும் எண்கள் அனைத்தும் அதில் பிட் அளவில் சொல்லப்பட்டுள்ளன. இன்றுள்ள மென்பொருள் ஒன்றும் எஞ்சாவிட்டாலும், அவ்வுரையை வைத்துக்கொண்டு புதிதாக ஒரு நிரல் எழுதிக் கோப்பைத் திறக்கலாம். தம் களப்பதிவுகளை ஃபிளாக்கில் வைப்போர், அவ்வாவணத்தின் ஒரு படியையும் அதே வட்டில் போட்டு வைக்கலாம். அது கேட்கும் இடம் சில நிமிடப் பேச்சுக்கும் குறைவு.